நரம்பில் ஏற்றும் பூஞ்சை மருந்து

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் தென்னையும் பனையும் நிறைந்த ஊர்கள் உள்ளன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன; நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக் கோடு விழுந்தபோதிலும், கோட்டின் இருபுறத்து மக்களின் கொள்வினை கொடுப்பினை முன்போலவே நடந்துவருகிறது. வீட்டில் தமிழ், சந்தையில் இரு மொழியும், அலுவலகத்தில் மலையாளம், மருத்துவச் சீட்டில் ஆங்கிலம் என்பது இங்கு அன்றாட வழக்கம். நோய்வாய்ப்பட்டவரை முதலில் பாறசாலைத் தாலுகா மருத்துவமனைக்கோ நெய்யாற்றின்கரைப் பொது மருத்துவமனைக்கோ கொண்டுசெல்வர். நோய் முற்றினால் காரக்கோணம், திருவனந்தபுரம், எல்லைக்கு அப்பால் ஆசாரிபள்ளம் என மருத்துவக் கல்லூரிகளை நாடுவர்.

இவ்வாறு பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட ஒருவரைப் பற்றி, "இரத்தத்தில் பூஞ்சை புகுந்துள்ளது, நரம்பு வழியாக மருந்து ஏற்றவேண்டும்" என்று மருத்துவர் கூறுவது இக்காலத்தில் அரிதன்று. உறவினர்க்கு அச்சொற்கள் புதியவை, அச்சமூட்டுபவை. பூஞ்சை என்பது ஊறுகாய் ஜாடியிலும் மழைக்காலத்துச் சுவரிலும் காண்பதன்றோ, அஃது எவ்வாறு இரத்தத்தில் புகும் என்று திகைப்பர். அந்நோய் யாது, அதற்கென நரம்பில் ஏற்றப்படும் மருந்துகள் யாவை, அவற்றைப் பாதுகாப்பாகச் செலுத்த எவற்றைக் கவனிக்கின்றனர், அதில் வீட்டாரின் பங்கு என்ன என்பவற்றை இங்கு காண்போம். மருந்தைத் தேர்வதும் அளவைக் குறிப்பதும் மருத்துவரின் பொறுப்பு. ஆயினும், நோயாளியின் அருகில் இருப்பவர் அறிந்து கேட்கும் ஒரு கேள்வி சில வேளைகளில் ஓர் உயிரைக் காக்கும்.

முதலில் நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை அறிவோம். பனையேறும் தொழிலாளர் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் கிடைப்பது பதநீர். இப்பகுதியினர் அதனை அக்கானி என்பர். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் வடிந்த அதே சாறு சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாக மாறிவிடும். இம்மாற்றத்தைச் செய்வதில் முதலிடம் பெறுவது நொதிப்பூஞ்சை, அதாவது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். ஆப்ப மாவைப் பொங்கச் செய்வதும் அவ்வினமே. அவ்வினத்தின் வேறொரு கிளையே கேண்டிடா. நலமுள்ள பலருடைய வாயிலும் குடலிலும் தோலிலும் கேண்டிடா எத்தீங்கும் செய்யாமல் குடியிருக்கிறது. உடலின் காவல் தளரும்போதே அது நோயாக உருவெடுக்கிறது.

அந்நோயில் இருவகை உண்டு. ஒன்று மேற்பரப்பில் வருவது. கைக்குழந்தையின் நாவில் வெண்ணிறமாகப் படிவது, நீரிழிவுடையோரின் தொடையிடுக்கிலும் மார்பின் அடியிலும் சிவந்து அரிப்பது, பெண்களுக்கு வெள்ளைப்படுதலுடன் எரிச்சல் தருவது ஆகியவை இவ்வகையின. இவற்றிற்குப் பூசும் மருந்தோ, வாயில் விடும் சொட்டோ, சில நாள் உட்கொள்ளும் மாத்திரையோ பெரும்பாலும் போதும். இரண்டாவது வகை ஆழ்ந்தது. கேண்டிடா இரத்தத்தில் கலந்து கண், இதயம், சிறுநீரகம், மூளை முதலிய உறுப்புகளுக்குச் செல்வது. நரம்பு வழி மருந்து தேவைப்படுவது பெரும்பாலும் இவ்வகைக்கே.

ஊசி போட்டால்தான் நோய் விரைவில் தீரும் என்ற எண்ணம் நம் நாட்டில் வேரூன்றியுள்ளது. மேல்தோலில் உண்டான பூஞ்சைக்கும் "ஒரு டிரிப் போடுங்கள்" என்று வற்புறுத்துவோர் உளர். நரம்பில் ஏற்றும் பூஞ்சை மருந்துகள் வலிமை மிக்கவை. அவற்றுட் சில சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கவல்லவை. தேவையற்ற இடத்தில் அவற்றைக் கேட்டுப் பெறுவது நன்மையின்றித் துன்பத்தை மட்டும் விலைக்கு வாங்குவதாகும். அவ்வாறே, சிறுநீர்ச் சோதனையிலோ சளிச் சோதனையிலோ கேண்டிடா காணப்பட்டது என்ற ஒன்றை மட்டுங்கொண்டு சிகிச்சை தொடங்கவேண்டும் என்பதில்லை. அவ்விடங்களில் அது வெறும் குடியிருப்பாகவும் இருக்கலாம். இரத்தத்தில் காணப்பட்டாலோ, அதனை ஒருபோதும் புறக்கணிக்கலாகாது.

யாருக்கு இரத்தத்தில் பூஞ்சை புகும்? பல நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்போர், பெரிய சிரையில் நீண்ட நாள் குழாய் பொருத்தப்பட்டோர், வலிமைமிக்க ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பலநாள் பெற்றோர், வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர், புற்றுநோய் மருந்தால் இரத்த வெள்ளணு குறைந்தோர், எடை மிகக் குறைந்து பிறந்த குழந்தைகள் ஆகியோரே பெரும்பாலும் இதற்கு ஆளாகின்றனர். இந்தியாவின் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடத்தப்பட்டு 2015-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், அங்குச் சேர்க்கப்பட்ட ஆயிரம் பேருக்கு ஆறு பேருக்குச் சற்று மேற்பட்டோர் அங்கிருக்கும்போதே இந்நோய்க்கு ஆளானது தெரியவந்தது. அவ்வாய்வில் கணக்கிடப்பட்ட நோயாளிகள் 1,400 பேர். அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர் முப்பது நாளுக்குள் இறந்தனர். இறந்தோர் அனைவரும் பூஞ்சையால் மட்டுமே இறந்தனர் என்பதில்லை. முன்னரே கடும் நோயுற்றிருந்தோர் அவர்கள். எனினும், நோயின் கடுமையை இக்கணக்கு உணர்த்துகிறது.

நோயை உறுதி செய்வதற்கு இரத்தத்தை எடுத்து, கிருமி வளரும் நீர்மத்தில் இட்டுப் பார்ப்பர். இதனை இரத்தக் கல்ச்சர் என்பர். பூஞ்சை வளர்ந்து தெரிய இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். ஆழ்ந்த கேண்டிடா நோயுடையோருள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இச்சோதனையில் அது தென்படாமலும் போகலாம். ஆகவே, அறிகுறிகளைக் கொண்டு மருத்துவர் முன்கூட்டியே மருந்தைத் தொடங்குவதுண்டு. கல்ச்சரில் வளர்ந்த பூஞ்சை இன்ன இனம், அதற்கு இன்ன மருந்து பலிக்கும் என்ற முடிவு வந்ததும் மருந்தை மாற்றவும் கூடும். இதைக் கண்டு, முதல் மருந்து தவறாகிவிட்டது என்று வீட்டார் கலங்க வேண்டியதில்லை. சிரையில் உள்ள பழைய குழாயை அகற்றி வேறிடத்தில் புதிது பொருத்துவதும் சிகிச்சையின் பகுதியே. பூஞ்சை அக்குழாயின் உட்புறத்தில் படலமாகப் படிந்து, மருந்துக்கு எட்டாமல் தங்கிவிடும்.

இனி மருந்துகளைக் காண்போம். இவற்றின் வரலாறு சுவையானது. இவற்றுட் சில மண்ணிலிருந்து கிடைத்தவை. 1950-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண் விஞ்ஞானிகள், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து நிஸ்டாட்டின் என்ற பூஞ்சை மருந்தைக் கண்டனர். அம்மாநிலத்தின் பெயரையே மருந்துக்கு இட்டனர். அதனால் வந்த உரிமைப் பணத்தை ஆராய்ச்சிக்கே வழங்கினர். அம்மருந்து வாய்க்கும் தோலுக்கும் நன்று. இரத்தத்தில் செலுத்த ஏற்றதன்று. சில ஆண்டுகளுக்குப்பின், தென் அமெரிக்காவில் வெனிசுவேலா நாட்டு ஒரினோகோ ஆற்றுப்பகுதியின் மண்ணிலிருந்து ஆம்போடெரிசின் பி கிடைத்தது. 1950-களின் இறுதியில் நரம்பு வழி மருந்தாக வழங்கத் தொடங்கிய அது, இன்றளவும் கைவிடப்படவில்லை.

ஆம்போடெரிசின் பூஞ்சையின் உயிரணுச் சவ்வில் உள்ள எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்புப் பொருளைப் பற்றிக்கொண்டு, அச்சவ்வைச் சிதைக்கிறது. நம் உயிரணுக்களில் அதற்கு இனமான கொலஸ்டிரால் உண்டு. ஆதலின் மருந்தின் தாக்குதல் ஓரளவு நம்மீதும் படுகிறது. சிறுநீரகமே முதலில் வருந்துகிறது. அடுத்து வந்தது அஸோல் என்னும் குடும்பம். அதைச் சேர்ந்த ஃப்ளூகோனஸோல் எர்கோஸ்டெரால் உண்டாவதையே தடுக்கிறது. இதற்கு நரம்பு வழி மருந்தும் உண்டு, மாத்திரையும் உண்டு. மூன்றாவது குடும்பம் எக்கினோகாண்டின்கள்: காஸ்போஃபங்கின், மைகாஃபங்கின், அனிடுலாஃபங்கின். இவற்றுள் முதலாவது, ஸ்பெயின் நாட்டு லோசோயா ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து பிறந்து, 2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இவை பூஞ்சையின் புறச்சுவரைக் கட்டும் வேலையைத் தடுக்கின்றன. நம் உயிரணுக்களுக்கு அத்தகைய சுவர் இல்லாமையால் இவற்றின் தீங்கு குறைவு. எனவேதான், இரத்தத்தில் கேண்டிடா புகுந்த பெரியோர்க்கு முதலில் இக்குடும்ப மருந்தைத் தொடங்குவதைப் பல வழிகாட்டு நெறிகள் இன்று பரிந்துரைக்கின்றன.

அவ்வாறாயின் எல்லார்க்கும் இதனையே தரலாமே எனில், அஃது இயலாது. எக்கினோகாண்டின்கள் கண்ணுக்குள்ளும் மூளைக்குள்ளும் சிறுநீருக்குள்ளும் போதிய அளவு செல்வதில்லை. ஃப்ளூகோனஸோல் அவ்விடங்களுக்குச் செல்லும். ஆனால் கேண்டிடாவின் எல்லா இனங்களும் அதற்கு அடங்குவதில்லை. 2009-ஆம் ஆண்டில் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து முதன்முதல் விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் என்ற இனம் பெரும்பாலும் ஃப்ளூகோனஸோலை எதிர்த்து நிற்பது. மேற்சொன்ன இந்திய ஆய்வில் 27 பிரிவுகளுள் 19-இல் அவ்வினம் காணப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில், மிக நெருக்கடியான நான்கினுள் அதனையும் வைத்தது. ஆகவே மருந்தின் தேர்வு, பூஞ்சையின் இனம், அது தங்கிய உறுப்பு, நோயாளியின் சிறுநீரகமும் கல்லீரலும் உள்ள நிலை ஆகியவற்றைச் சீர்தூக்கிச் செய்யப்படுவது. அடுத்த கட்டிலில் உள்ளவருக்குக் கொடுத்த மருந்தை நம்மவருக்கும் கேட்பது பொருந்தாது.

பாதுகாப்பின் முதற்படி மருந்தின் முழுப்பெயர். மொழிபெயர்ப்புப் பணியில் ஒரு சொல்லுக்கு இருபொருள் இருப்பின், வாசகம் பிழையாகும். மருத்துவத்தில் ஒரு பெயருக்கு இரு மருந்து இருப்பின், பிழை உயிரைத் தொடும். ஆம்போடெரிசின் என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை மருந்துகள் உள்ளன. பழைய வகை வழக்கமான ஆம்போடெரிசின். 1990-களில் பரவிய வகை கொழுப்புக் குமிழிகளுக்குள் மருந்தை அடைத்துத் தருவது. அதனை லைப்போசோம் ஆம்போடெரிசின் என்பர். குமிழி வகையை உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம் வரை நாள்தோறும் தருவதுண்டு. பழைய வகையோ நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது. ஒன்றின் அளவை மற்றொன்றில் கொடுத்துவிட்டால் இதயம் நின்றுபோகக் கூடும்.

இது வெறும் அச்சமன்று. 2007-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் புற்றுநோயாளிகள் இருவர், இவ்விரு வகையையும் மாற்றிக் கொடுத்ததன் பின்னர் உயிரிழந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் அந்நாட்டு நோயாளர் பாதுகாப்பு அமைப்பு நாடு முழுதும் உள்ள மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. நம் நாட்டிலோ, 2021-ஆம் ஆண்டின் கோவிட் இரண்டாம் அலையில் கரும்பூஞ்சை நோய் பரவியபோது, லைப்போசோம் வகைக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. கரும்பூஞ்சை ஈஸ்ட் இனத்தைச் சேர்ந்ததன்று. ஆயினும் மருந்து அதுவே. உறவினர் மருந்துக்கடை தோறும் குப்பியைத் தேடி அலைந்த அந்நாள்களைப் பலரும் மறந்திரார். கிடைத்த வகையை வாங்கிவரும் நிலை எப்போது நேரினும், வாங்கியது எவ்வகை என்பதைக் குப்பியைக் காட்டி உறுதிசெய்வது இன்றியமையாதது. "சிஸ்டர், இது சாதாரண ஆம்போடெரிசினா, லைப்போசோமா?" என்று கேட்பதில் அவமரியாதை ஏதுமில்லை. சீட்டில் மருந்தின் வகையும் தயாரிப்புப் பெயரும் முழுமையாக எழுதப்பட வேண்டும்.

இரண்டாம் படி, மருந்தைக் கலக்கும் நீர்மம். கட்டிலின் அருகே தொங்கும் எப்புட்டியையும் "குளுக்கோஸ்" என்றே நம் மக்கள் கூறுவர். உண்மையில் அவற்றுள் உப்புநீர் உண்டு, சர்க்கரைநீர் உண்டு. வழக்கமான ஆம்போடெரிசினை 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் என்னும் சர்க்கரைநீரில் மட்டுமே கலக்க வேண்டும். உப்புநீர் பட்டால் மருந்து திரிந்து படிந்துவிடும். லைப்போசோம் வகைகளுள் பெரும்பாலனவற்றிற்கும் இவ்விதியே. முன்னர் உப்புநீர் சென்ற குழாயாயின், சர்க்கரைநீரால் அலசிய பின்னரே மருந்தைச் செலுத்துவர். காஸ்போஃபங்கினின் விதி இதற்கு நேர்மாறானது. அதனை உப்புநீரில் கலக்கலாம். சர்க்கரைநீரில் கலந்தால் கெட்டுவிடும். பதநீரும் கள்ளும் ஒரே பனையின் சாறாயினும் கலயத்தால் வேறுபடுவதுபோல, இம்மருந்துகளின் குணம் கலக்கும் நீர்மத்தால் மாறுபடுகிறது எனலாம். ஒவ்வொரு தயாரிப்பின் பெட்டியிலும் உள்ள அச்சுத்தாளே இதில் இறுதி விதி. அத்தாளை வீட்டார் குப்பையில் எறியாமல் தாதியரிடம் ஒப்படைப்பது நலம். குளிரில் வைக்கவேண்டிய மருந்தை வெளியிலிருந்து வாங்கிவருவோர், கடைக்காரரிடம் கேட்டுப் பனிக்கட்டிப் பெட்டியிலேயே கொண்டுவர வேண்டும்.

மூன்றாம் படி, ஏற்றும் வேகம். வழக்கமான ஆம்போடெரிசின் பல மணி நேரம் மெதுவாகச் செல்லவேண்டியது. லைப்போசோம் வகைக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரமும், காஸ்போஃபங்கினுக்கும் மைகாஃபங்கினுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரமும் ஆகும். ஃப்ளூகோனஸோல் மணிக்கு 200 மில்லிகிராமுக்கு மிகாமல் செல்லவேண்டும். சொட்டு மெதுவாக விழுகிறதே, வீட்டுக்குப் போக நேரமாகிறதே என்று திருகைத் தளர்த்திவிடும் உறவினரைப் பல வார்டுகளில் காணலாம். அஃது ஒருபோதும் செய்யத் தகாதது. விரைந்து ஏறினால் சில மருந்துகள் முகச்சிவப்பையும் அரிப்பையும் இரத்த அழுத்தச் சரிவையும் உண்டாக்கும். ஆம்போடெரிசின் இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும்.

ஆம்போடெரிசின் ஏறும்போது குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் வருவதுண்டு. இதனை முன்னறிந்தே சிலருக்கு மருத்துவர் முன்மருந்து கொடுப்பர். இங்குத்தான் எல்லைப்புறத்துக்கே உரிய ஒரு சொற்சிக்கல் எழுகிறது. மலையாளத்தில் "பனி" என்றால் காய்ச்சல். கிழக்கே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து துணைக்கு வந்த உறவினர்க்குப் "பனி" என்றால் குளிர்ச்சி. "பனி உண்டோ?" என்று தாதி கேட்க, அறை வெதுவெதுப்பாக இருப்பதால் உறவினர் இல்லை எனத் தலையசைத்தால், கவனிக்கவேண்டிய காய்ச்சல் குறிப்பேட்டில் ஏறாமற் போகும். ஆகையால், சொல்லை நம்பி நில்லாது, நோயாளியின் நெற்றியைத் தொட்டுக்காட்டியும், நடுக்கத்தைச் செய்து காட்டியும், வெப்பமானியை வைக்கச் சொல்லியும் தெரிவிப்பது நன்று. மூச்சுத் திணறல், மார்பு வலி, உதடும் முகமும் வீங்குதல், மேனி எங்கும் தடிப்பு ஆகியவை தோன்றினால் எம்மொழியிலேனும் உடனே குரலெழுப்பித் தாதியை அழைக்க வேண்டும். குழாய் செருகிய இடம் வீங்கிச் சிவந்து எரிந்தாலும் அவ்வாறே.

நான்காம் படி, நாள்தோறும் செய்யும் இரத்தச் சோதனை. ஆம்போடெரிசின் பெறுவோர்க்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும், பொட்டாசியம், மக்னீசியம் என்னும் உப்புகளும் அடிக்கடி அளக்கப்படும். இவ்வுப்புகள் சிறுநீர் வழியே இழக்கப்பட்டுத் தசை தளரும், இதயத்துடிப்பு தவறும். சிறுநீரகத்தைக் காக்க, மருந்துக்கு முன் தனியாக உப்புநீர் ஏற்றுவதும் உண்டு. "தினந்தோறும் இரத்தம் எடுத்தே ஆளை வற்றச்செய்கிறார்களே" என்று வருந்துவோர் உளர். அச்சிறு அளவு இரத்தமே பெரும்பிழையைத் தடுக்கும் காவலாளி. எக்கினோகாண்டின், ஃப்ளூகோனஸோல் ஆகியவற்றைப் பெறுவோர்க்குக் கல்லீரல் சோதனை முதன்மையானது. நோயாளி எவ்வளவு நீர் அருந்தினார், எவ்வளவு சிறுநீர் கழித்தார் என்ற கணக்கை ஒழுங்காகக் கூறுவது, அருகிருப்போர் செய்யக்கூடிய பெருந்துணை.

இவ்விடத்தில் இளநீரைப் பற்றி ஒரு சொல். நோயாளியைக் காண வருவோர் இளநீரும் பழமும் கொணர்வது நம் நாட்டு அன்பின் அடையாளம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. உப்பு குறைந்த நோயாளிக்கு அது நன்மையாகலாம். சிறுநீரகம் பழுதுற்று உப்பை வெளியேற்ற இயலாதவர்க்கோ அதுவே இதயத்துக்கு இடராகும். இருவரும் ஒரே மருந்தைப் பெறுவோராக இருக்கலாம். ஆகவே, அன்றைய சோதனை முடிவைக் கேட்டறிந்த பின்னரே இளநீரை வெட்டுவது முறை.

பிற மருந்துகளையும் மறைக்கலாகாது. ஃப்ளூகோனஸோல், இரத்தம் உறையாதிருக்கத் தரும் வார்ஃபரின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், நீரிழிவுக்குத் தரும் சில மாத்திரைகள் ஆகியவற்றின் வேகத்தை மிகுவிக்கும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், ஃப்ளூகோனஸோல், காஸ்போஃபங்கின் ஆகியவற்றின் பயனைக் குறைக்கும். எல்லையின் இருபுறத்துக் கடைகளிலும் வாங்கிய மாத்திரைகளையும், வைத்தியரிடம் பெற்ற கஷாயத்தையும் லேகியத்தையும் ஒரு பையில் இட்டு மருத்துவரிடம் காட்டுவது எளிய வழி. கருவுற்றிருப்போரும், கருவுற்றிருக்கலாம் என ஐயமுள்ளோரும் அதனை முன்னரே கூறவேண்டும். கருவின் முதல் மாதங்களில் மிகுந்த அளவு ஃப்ளூகோனஸோலைப் பல நாள் பெறுவது குழந்தைக்குத் தீங்காகலாம்.

ஐந்தாம் படி தூய்மை. கேண்டிடா ஆரிஸ் கட்டிலிலும் மேசையிலும் கருவிகளிலும் வாரக்கணக்கில் உயிர்வாழ வல்லது. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மருத்துவமனையிலேயே பரவுவது. ஆதலால் அத்தகைய நோயாளியைத் தனியே வைப்பர். அதனைத் தீட்டாகவோ இழிவாகவோ கருதி மனம் நோவதில் பொருளில்லை. உள்ளே செல்லும்போதும் வெளியே வரும்போதும் சோப்பாலோ, அங்கு வைக்கப்பட்ட கைமருந்தாலோ கைகழுவுதல், குழாயின் வாயைத் தொடாதிருத்தல், காண வருவோர் தொகையைக் குறைத்தல், அடுத்த கட்டிலில் அமராதிருத்தல் ஆகிய சிறு ஒழுங்குகள் மருந்துக்கு நிகரான காவல்.

ஆறாம் படி, முடிவு நாள். காய்ச்சல் தணிந்து நோயாளி எழுந்து உட்கார்ந்ததும், குணமாயிற்று என்று ஊருக்குப் புறப்பட எண்ணுவது இயல்பு. இரத்தத்தில் கேண்டிடா கண்டவர்க்கு, வேறு உறுப்பில் தங்காத நிலையிலும், பூஞ்சை இல்லை என்று காட்டிய முதல் கல்ச்சர் நாளிலிருந்து 14 நாள் மருந்து தொடரவேண்டும் என்பது பொதுவிதி. கண்ணிலோ இதயத்திலோ தங்கியிருப்பின் பல வாரம் ஆகும். எனவேதான் பார்வைக் குறை தோன்றாவிட்டாலும் கண் மருத்துவரைக் கொண்டு விழித்திரையைச் சோதிக்கச் செய்வர். பூஞ்சை அடங்கி, அதன் இனம் கட்டுப்படக்கூடியதாக இருப்பின், நரம்பு வழி மருந்தை நிறுத்தி ஃப்ளூகோனஸோல் மாத்திரைக்கு மாற்றுவதுண்டு. அம்மாத்திரை குடலிலிருந்து ஏறத்தாழ முழுமையாக இரத்தத்தில் சேர்வதால், ஊசியினும் தாழ்ந்ததாகாது. மாத்திரைக்கு மாறியதை, சிகிச்சையைக் குறைத்துவிட்டார்கள் என்று எண்ணலாகாது. எஞ்சிய நாள்களின் மாத்திரையை ஒருநாளும் விடலாகாது. இடையில் விட்டால் நோய் மீளும். மீளும்போது மருந்துக்கு அடங்காததாகவும் மாறியிருக்கலாம்.

எல்லைப்புற மக்களுக்கு இம்முடிவு நாளே மிக இடையூறானது. திருவனந்தபுரத்தில் தொடங்கிய சிகிச்சை பாறசாலையில் தொடரலாம். களியக்காவிளைக்கு அப்பால் மகள் வீட்டில் முடியலாம். மருத்துவர் மாறுவர், மொழி மாறும், மாநிலம் மாறும். மாறாமல் உடன்வருவது நோயாளியின் காகிதக் கட்டு ஒன்றே. ஆகவே, மருத்துவமனையை விட்டு நீங்குமுன் ஐந்து செய்திகளைத் தெளிவாக எழுதி வாங்குவது நலம்: பூஞ்சையின் இனப்பெயர், மருந்தின் முழுப்பெயரும் வகையும் நாளளவும், பூஞ்சை இல்லையெனக் காட்டிய முதல் கல்ச்சரின் தேதி, மருந்து முடியவேண்டிய தேதி, அடுத்த இரத்தச் சோதனையின் தேதி. ஆங்கிலச் சீட்டை மாற்றாமல், அதன் பின்புறத்தில் நாம் அறிந்த மொழியில் குறித்துக்கொள்ளலாம். எழுதியதை மருத்துவரிடமோ தாதியிடமோ திரும்பப் படித்துக்காட்டி, சரி என்ற சொல்லைப் பெறவேண்டும். ஒரு மாநிலத்தின் காப்பீட்டு அட்டை மறு மாநில மருத்துவமனையில் செல்லுமா என்பதையும் புறப்படுமுன் கேட்டறிவது நன்று. பணமின்மையால் நின்ற சிகிச்சையும் பாதியில் நின்ற சிகிச்சையே.

மருந்தால் தீங்கு நேர்ந்ததாக ஐயமுண்டானால் அதனைத் தெரிவிக்கவும் வழியுண்டு. 2010-ஆம் ஆண்டு முதல் இந்திய அரசு மருந்துக் கண்காணிப்புத் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. அதன் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. நோயாளியோ உறவினரோ நிரப்பக்கூடிய படிவம் தமிழ், மலையாளம் உள்ளிட்ட இந்திய மொழிகளில் உள்ளது. இது யார்மீதும் குற்றஞ்சாட்டும் ஏற்பாடன்று. ஒருவர் பட்ட இடர் மற்றவர்க்கு எச்சரிக்கையாகப் பயன்படும் பொருட்டு அமைந்தது.

நரம்பில் ஏற்றும் பூஞ்சை மருந்து இன்று பல உயிர்களை மீட்டுத் தருகிறது. அதனைக் கண்டு அஞ்சி மறுப்பதும் தவறு. ஊசியன்றோ என்று எளிதாக எண்ணுவதும் தவறு. மருந்தின் முழுப்பெயர், கலக்கும் நீர்மம், ஏற்றும் வேகம், இரத்தச் சோதனை, கையின் தூய்மை, முடிவு நாள் ஆகிய ஆறையும் நினைவிற்கொண்டு, புரியாத சொல்லைப் புரியும்வரை கேட்பது நம் கடமை. மருத்துவர் மலையாளத்தில் விளக்கினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும், அதனைத் தம் மொழியில் அறிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு. வார்டில் இரு மொழியும் தெரிந்த ஒருவர் பெரும்பாலும் இருப்பார். அவரை அழைத்து நோயாளியின் கட்டிலருகே ஐந்து நிமிடம் நிற்கச் செய்வது, அந்நோயாளிக்குச் செய்யும் பேருதவியாகும்.